மதினியின் கழுத்தளவு

மஞ்சள் டேப்பை மதினியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தபடி நான் நின்ற ஒரு காலை நேரம் எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. டேப் முன்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும், சதையை இறுக்கக் கூடாது, தொங்கவும் கூடாது என்று ஜிம் மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் அப்படியே பிடித்திருந்தேன். "பதினாலே கால்" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதினேன். அதற்கு முந்தைய மாதம் பதினாலு. டேப்புக்கு அடியில் இருந்த என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வேகாத கிழங்கு மாதிரி கெட்டியாக இருந்தது. நான் விரலை எடுத்துக்கொண்டு, அடுத்து இடுப்பை அளக்கக் குனிந்தேன். அந்த விரலின் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை.

கோவில்பட்டியில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஜிம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கான நேரம். முதலாளியை எல்லோரும் மாஸ்டர் என்போம். ஆணான அவர் பெண்களைத் தொட்டு அளக்க முடியாது என்பதால், வரவேற்பு மேசையில் இருந்த என்னிடம் டேப்பைக் கொடுத்தார். பின்சந்தில் கடலைமிட்டாய் போடும் பட்டறை ஒன்று இருந்தது. பாகு காய்ச்சுகிற நேரமும் பெண்கள் வருகிற நேரமும் ஒன்று. காலையில் வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டு வந்து மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பவர்களின் முகத்தில் அந்த வெல்ல வாசனை வந்து மோதும். ஜன்னலைச் சாத்துங்கள் என்று கெஞ்சுவார்கள். சாத்தினால் புழுங்கும் என்பார் மாஸ்டர்.

மதினி என் அண்ணன் மனைவி. பசுவந்தனைப் பக்கம் ஆடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். அவள் குரலைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. இரண்டு புஞ்சை தாண்டி மேய்கிற ஆட்டை நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டுப் பழகிய குரல் அது. கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகும் அவளுக்கு அதைக் குறைக்கத் தெரியவில்லை. மாடியில் நின்று கீழே போகிற கீரைக்காரியைக் கூப்பிட்டால் தெருமுனையில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். அண்ணனுக்கு அது அவமானம். பல்லைக் கடித்துக்கொண்டு "மெள்ளப் பேசு" என்பான். உடம்பும் அவனுக்கு அவமானம். ஒரு கல்யாண வீட்டு வீடியோவில் பந்தியில் உட்கார்ந்திருந்த மதினியைப் பார்த்துவிட்டு அவன் கடை நண்பர்கள் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மறுநாளே வந்து, நீ வேலை பார்க்கிற இடத்தில் இவளைச் சேர்த்துவிடு என்றான். மதினியிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு ஓர் ஆளைச் சேர்த்துவிட்ட நல்ல பெயர் கிடைத்தது.

கொழுப்பை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதில்தான் எல்லாமே இருக்கிறது. உடம்பில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்பதை எந்த மெஷினும் இல்லாமல் டேப்பை வைத்தே ஓரளவு சொல்லலாம். பெண்ணுக்கு உயரம், கழுத்து, இடுப்பு, இடுப்புக்குக் கீழே பின்பக்கம் அகன்ற இடம் ஆகிய நான்கு அளவுகள் வேண்டும். இடுப்பையும் பின்பக்கத்தையும் கூட்டி, அதிலிருந்து கழுத்தைக் கழிப்பார்கள். மிச்சம் எவ்வளவு குறைவோ அவ்வளவு கொழுப்பு குறைவு. அளவுகளைப் போட்டால் போன் விடையைச் சொல்லிவிடும். இடுப்பு குறைந்தாலும் விடை குறையும், கழுத்து பெருத்தாலும் விடை குறையும். போனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எங்களுக்குக் கண் இருந்தது.

முதல் மாதம் மதினியின் கழுத்து பதிமூன்று அங்குலம், விடை நாற்பத்திரண்டு. மதினி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். மாஸ்டர் ஒரு தாளில் சாப்பாட்டு முறை எழுதித் தந்தார். சோற்றை நிறுத்தினாள். இட்லி இரண்டாகி, பிறகு ஒன்றானது. மாதாமாதம் அளந்தோம். இடுப்பும் பின்பக்கமும் அரை அங்குலம் ஏறும், இறங்கும், பழைய இடத்திலேயே வந்து நிற்கும். கழுத்து மட்டும் கால் கால் அங்குலமாக ஏறிக்கொண்டே போனது. விடை இறங்கிக்கொண்டே வந்தது. எட்டாம் மாதம் அது நாற்பதுக்கு வந்தபோது மாஸ்டர் எல்லாரையும் கை தட்டச் சொன்னார். எடை குறையவே இல்லையே என்று மதினி கேட்டதற்கு, கொழுப்பு கரைந்து தசையாகிறது, தசைக்கு எடை கூடுதல் என்று விளக்கம் சொன்னார். மதினியைப் போட்டோ எடுத்து, 'இந்த மாத நட்சத்திரம்' என்று போட்டு வாசல் சுவரில் ஒட்டினார். அண்ணன் அதைப் போனில் படம் பிடித்துக் கடை நண்பர்களுக்கு அனுப்பினான்.

அந்த மாதங்களில் மதினி என்னென்ன சொன்னாள் என்பதை இப்போது வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். அசதியாக இருக்கிறது என்றாள். சோம்பேறித்தனம் என்றான் அண்ணன். குரல் கரகரக்கிறது என்றாள். ஐஸ் தண்ணீரை நிறுத்துங்கள் என்றார் மாஸ்டர். குரல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியதில் எங்கள் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை, அதுதான் கொடுமை. ஒருவழியாக டவுன் பழக்கம் வந்துவிட்டது என்று அண்ணன் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான். ஒருநாள் நான் அளந்துகொண்டிருக்கும்போது மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, தாலிச் செயின் கழுத்துல இறுக்குதுட்டி. முன்னால இப்படி இருக்காது."

"தசை கூடுதுல்லா மதினி, அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான்.

மாஸ்டரிடம் கேட்டுக்கூடச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். தெரிந்த மாதிரி சொன்னேன்.

கண்டுபிடித்தது ஒரு தையல்கார அக்கா. ஜிம்முக்குப் போட்டுவர காலர் வைத்த சுடிதார் வேண்டும் என்று அண்ணன் சொன்னதால், ஆரம்பத்திலேயே அந்த அக்காவிடம் இரண்டு தைத்திருந்தார்கள். பத்தாம் மாதம் அந்தக் காலரில் பட்டன் மாட்டவில்லை. பிரித்துப் பெரிதாக்கித் தரச் சொல்லி மதினி கொண்டுபோனாள், நானும் கூடப் போனேன். அக்கா உடம்பு அளவெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கழுத்துக்கு வந்தாள். பதினைந்து. தன் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். மறுபடியும் அளந்தாள். பிறகு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மதினியின் மோவாயைப் பிடித்து மேலே தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"உடம்பு அளவு அப்படியே இருக்கு. கழுத்து மட்டும் எப்படிம்மா ரெண்டு இஞ்சு கூடும்? நான் காலரைப் பிரிக்கலை. நீங்க முதல்ல டாக்டர்ட்ட போங்க."

அவள் எட்டாவது வரை படித்தவள். அவளிடம் இருந்ததும் ஒரு டேப்தான்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். தைராய்டில் கட்டி, புற்று என்று தெரிந்தது. எத்தனை மாதமாகக் கழுத்து வீங்குகிறது என்று டாக்டர் கேட்டார். அண்ணன் இப்போதுதான் ஒரு வாரமாக என்றான். நான் பையிலிருந்து ஜிம் நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பத்து மாதம், பத்துத் தேதி, பத்து அளவு, எல்லாம் என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டை மூடி என்னிடமே தந்துவிட்டு, கட்டி குரல் நரம்பைப் பிடித்திருக்கிறது, முதல் மாதங்களிலேயே வந்திருந்தால் நரம்பைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம், இப்போது உயிரை மட்டும் பார்ப்போம் என்றார்.

உயிர் பிழைத்தது. குரல் போய்விட்டது. காற்று கலந்த ஒரு முணுமுணுப்பு மட்டும் மிச்சம். ஓரடி தள்ளி நின்றால் கேட்காது.

ஆபரேஷன் முடிந்து நான் ஜிம்முக்குப் போனபோது அந்தப் போட்டோ சுவரிலேயே இருந்தது. அதற்குக் கீழே நாற்பத்திரண்டு, நாற்பது என்று பெரிய எழுத்தில். எடுத்துவிடுங்கள் என்றேன். புதிதாகச் சேர வருபவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்று மாஸ்டர் தயங்கினார். கழுத்து பெருத்ததால் வந்த எண் அது என்று நான் கத்தினேன். ஓடிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர் நிதானமாக, "நான் அளக்கலையே தங்கச்சி, நீதானே அளந்தே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் ஆத்திரப்படுத்தியது. போட்டோவை நானே கிழித்து எடுத்தேன். சுவரின் பெயிண்டும் கூடவே உரிந்து வந்தது. அன்றோடு அந்த வேலையை விட்டேன். ஜிம் இன்றைக்கும் நடக்கிறது. இப்போது கீழ்த்தளத்துக்கும் வந்துவிட்டது. அந்த வழியாகப் போகும்போது நான் எதிர்ப்பக்கம் பார்ப்பதில்லை. நேராக அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

அண்ணனோடு நான் பேசுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவன், அவள் விதி, நான் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன் என்கிறான். மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் அவன் அலைந்தது உண்மை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுததும் உண்மை. ஆனால் குரல் அடங்கியபோது அவன் முகத்தில் வந்த அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்தேன், அதை என்னால் மறக்க முடியாது. மதினியும் பார்த்திருக்க வேண்டும். உடம்பு தேற அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பசுவந்தனைக்குப் போனவள், திரும்பி வரவில்லை. இரண்டு முறை அண்ணன் போய்க் கூப்பிட்டான். அவள் வாசலுக்குக்கூட வரவில்லை என்று கேள்வி.

நான் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பயம்தான், வேறொன்றும் இல்லை. போன ஐப்பசியில் மழை விட்ட ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். கரிசல் மண் செருப்பில் அப்பி, நடக்க நடக்கக் கால் கனத்தது. மதினி உளுந்துக் காட்டு வரப்பில் இருந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தின் குறுக்கே வெளுத்த தழும்பு. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சோற்றைப் பிரித்து எனக்கும் பாதி வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவள், என் பக்கம் சாய்ந்தாள்.

"உன்னயத் திட்டணும்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன்ட்டி. சத்தந்தான் வரமாட்டேங்குது."

"திட்டுங்க மதினி" என்றேன். "நான் கேக்குதேன்."

அவள் திட்டினாள். அவள் ஊர்ப் பேச்சில், என் படிப்பை, என் கையெழுத்தை, நான் தெரிந்த மாதிரி சொன்ன பதிலை, எங்கள் வீட்டை, அண்ணனை, அவனைப் பெற்றவர்களை எல்லாம் சேர்த்துத் திட்டினாள். இடையிடையே மூச்சு வாங்க நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். காட்டில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாதி வார்த்தைகள் எனக்குக் கேட்கவில்லை. கேட்காததை விட்டுவிட எனக்கு மனமில்லை. நான் என் காதை அவள் வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, விளங்காத இடத்திலெல்லாம் "இன்னொரு தடவை சொல்லுங்க மதினி" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் சலிக்காமல் முதலிலிருந்து சொன்னாள்.