ராசாங்கம் பேரில் ஓடிய கார்

அரியலூர் ராசாங்கம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷ சர்வீஸில் ரோட்டில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கர்வம். சுண்ணாம்புக்கல் லாரிகள் பேயாகப் பறக்கிற ஊரில் இதைச் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. கடைசி நாளில் டெப்போவில் மாலை போட்டு, 'விபத்தில்லா ஓட்டுநர்' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை டி.வி. பக்கத்தில் வைத்திருந்தார். தூசி படிந்தால் மனைவி வளர்மதியைத் துடைக்க விடமாட்டார், அவரே துடைப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் செல்போனுக்கு, ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய பிறகு, அபராதச் செய்திகள் வர ஆரம்பித்தன. சீட் பெல்ட் போடவில்லை, சிக்னலில் நிற்கவில்லை, அதிவேகம். எல்லாம் அவர் பேரில்தான். ஓட்டியவன் மட்டும் வேறு ஆள், மாப்பிள்ளை அறிவழகன்.

மகள் சத்யப்பிரியாவை ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கு மனை வாங்கி விற்கிற தொழில், வாயைத் திறந்தால் தேன் வழியும். நகையெல்லாம் பேசி முடித்த பிறகு சம்பந்தியம்மா சாந்தா மெல்ல ஆரம்பித்தாள்.

"நாங்க ஒண்ணும் கேக்கல சம்பந்தி. கார் ஒண்ணு இருந்தா உங்க பொண்ணுதான வெயில்ல அலையாம போவும்."

கேட்ட மாதிரியும் இருக்கக் கூடாது, கிடைக்காமலும் போகக் கூடாது. இப்படிப் பேசுவதற்கென்றே சிலர் பிறந்து வருகிறார்கள். ராசாங்கம் பி.எஃப். பணத்தைப் போட்டு வெள்ளைக் கார் ஒன்று எடுத்தார். மேடையில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு தாம்பூலத் தட்டில் சாவியை வைத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் நாலு பேர் பார்க்கத் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் அது சீர்.

மறுவீட்டு விருந்தன்றே ஆர்.சி.யில் பேர் மாற்றுகிற விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். வண்டியைக் கொடுத்தால் பேரையும் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாந்தா காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"உங்க பேருலயே இருக்கட்டும் சம்பந்தி. பேரு மாத்தித்தான் நாம சொந்தமாவணுமா?"

என்ன பெருந்தன்மை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். ராசாங்கத்துக்கே கண் கலங்கிவிட்டது. பாவம், அந்தக் கண்ணுக்கு அப்போது அவ்வளவுதான் தெரிந்தது.

அந்தப் பெருந்தன்மையின் லட்சணம் போகப்போகப் புரிந்தது. இன்சூரன்ஸ் கட்ட ராசாங்கம். அபராதம் கட்ட ராசாங்கம். டயர் தேய்ந்தால்கூட, "மாமா, உங்க வண்டி டயரு போச்சு" என்று போன் வரும். பின் கண்ணாடியில் மட்டும் 'அம்மா சாந்தா ஆசி' என்று பெரிய சிவப்பு ஸ்டிக்கர். இரண்டாம் தடவையும் விண்ணப்பங்களைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். மாப்பிள்ளை ஒரு கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலைச் சேர்த்தால் போதும். "வச்சிட்டுப் போங்க மாமா" என்றான். அடுத்த முறை போனபோது அவற்றின் மேல் புரோட்டா பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சால்னா எண்ணெய் இறங்கி, ராசாங்கத்தின் கையெழுத்து ஊறிக் கிடந்தது. மகள் அந்த வீட்டில் இருக்கிறாளே என்று, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தார்.

போன தை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

"ராசாங்கம்ங்களா? நேத்து சாயந்திரம் சிறுவாச்சூர்ல உங்க காரு ஒரு அம்மாவ அடிச்சிட்டு நிக்காம போயிருக்கு. அந்த அம்மா பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில கெடக்கு. டீக்கடை கேமராவுல நம்பர் இருக்கு. நாளைக்குக் காலைல வண்டியோட வந்துருங்க. யாரு ஓட்டுனாங்கன்னு ஓனர் நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

மாப்பிள்ளைக்குப் போட்டால் சுவிட்ச் ஆஃப். மகளுக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ராசாங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறி, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அடிபட்டவள் பேர் இருசம்மாள். திங்களும் வெள்ளியும் காளி கோயிலுக்குக் கூட்டம் வருகிற நாளில் ரோட்டோரம் எலுமிச்சம்பழம் விற்கிறவள். தொடை எலும்பு உடைந்து, காலில் கட்டோடு கிடந்தாள். அவர் யாரென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்க திருச்சி பஸ்ஸு ஓட்டுன டிரைவரு தான? கூடையோட கை காட்டுனா போதும், நிறுத்திருவீங்களே!"

"ஆமாம்மா."

"உங்க மாதிரி ஆளும் இருந்தீங்க. இவன் எவனோ, அடிச்சிட்டுத் திரும்பிக்கூடப் பாக்கலய்யா. கூடை அந்தாண்ட, நான் இந்தாண்ட. பழமெல்லாம் ரோட்டுல உருண்டு ஓடுது, காரும் ஓடுது. உங்களுக்கு இங்க யாரு ஒடம்பு சரியில்லாம கெடக்காங்க?"

ராசாங்கத்துக்கு அது என் கார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாங்கிப்போன ஆப்பிளைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அன்று சாயந்திரம் கார் அரியலூர் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒரு பக்க ஹெட்லைட் நொறுங்கி, பானெட் நசுங்கியிருந்தது. அறிவழகன் இறங்கினான், சாந்தா இறங்கினாள், கண் வீங்கிய முகத்தோடு சத்யப்பிரியா இறங்கினாள். சாந்தாவின் கையில் தாம்பூலத் தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப் பூ, நடுவில் கார் சாவி.

"உங்க வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும் சம்பந்தி. எங்களுதுன்னு என்னைக்காவது சொன்னமா? சும்மா ஓட்டிக்கிட்டு இருந்தோம்" என்று தட்டை மேஜையில் வைத்தாள்.

ராசாங்கம் எழுந்து வாசலுக்குப் போய்க் காரைச் சுற்றிப் பார்த்தார். பின் கண்ணாடியில் ஸ்டிக்கரைக் காணோம். பிளேடு வைத்து அவசர அவசரமாகச் சுரண்டியிருக்கிறார்கள். எழுத்து இருந்த இடத்தில் பசைத் தடம் அழுக்கேறித் தெரிந்தது. சீ என்று ஆகிவிட்டது அவருக்கு. மூஞ்சியில் காறித் துப்பியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது.

உள்ளே வந்ததும் மாப்பிள்ளை விஷயத்துக்கு வந்தான். "நாளைக்கு நீங்க ஓட்டுனதா எழுதிக் குடுத்துருங்க மாமா. எனக்குக் கேஸு ஆச்சுன்னா தொழிலு போச்சு. ரிட்டையர் ஆயிட்டீங்க, உங்களுக்கு இனிமே லைசன்ஸ் எதுக்கு?"

"இத்தன வருஷம் ஒரு ஆக்சிடெண்டும் பண்ணாத ஆளு" என்று சாந்தா டி.வி. பக்கம் கையைக் காட்டினாள். "கேடயமெல்லாம் வாங்கியிருக்கீங்க. ஒரு தடவ கை தவறிடுச்சுன்னா யாரு தப்பா நெனைப்பா?"

எத்தனை யோசித்து வந்திருக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கேடயத்தைக்கூட விடவில்லை. அடுப்படி வாசலில் நின்ற வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பொண்ணு வாழ்க்கைங்க..." என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் ராசாங்கம் ஆடிப்போய்விட்டார். எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தன் பேர் கெட்டால் கெட்டுப்போகட்டும், அவள் வாழ்ந்தால் சரி. மகளைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. நீ என்ன சொல்றியோ அதையே எழுதிக் குடுத்துர்றேன்."

சத்யப்பிரியா புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானும் கார்லதான்பா இருந்தேன். கோயிலுக்குப் போயிட்டுத் திரும்புறோம். செல்லப் பாத்துக்கிட்டே ஓட்டி அந்த அம்மாவ அடிச்சாரு. 'நிறுத்துங்க, நிறுத்துங்க'ன்னு கத்துனேன். 'வண்டி உங்கப்பன் பேருலதான இருக்கு, கம்முனு வா'ன்னாரு."

பிறகு சத்யப்பிரியா எழுந்து, மேஜையில் இருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"சீரத் தட்டுல வச்சுத் திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்னு அத்தைக்குத் தெரியாதா? வாங்கிக்குங்கப்பா."

சாந்தாவுக்கு முகம் செத்துவிட்டது. பெண்ணை வேண்டாம் என்று அறுத்துவிடுகிறவர்கள்தான் சீரைத் தட்டில் வைத்துத் திருப்புவார்கள். கேஸிலிருந்து தப்பிக்கிற அவசரத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"ஐயோ, நான் அப்படி நெனச்சிக் கொண்டாரலடி!"

"தட்டு வந்துருச்சு அத்த" என்றாள் சத்யப்பிரியா.

ராசாங்கம் தட்டை வாங்கிக்கொண்டார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழத்தையும் பூவையும் அப்படியே சாந்தாவின் பையில் வைத்தார். அம்மாவும் பிள்ளையும் பெரம்பலூருக்குப் போக, பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ராசாங்கமே காரை ஓட்டினார். பக்கத்தில் மகள். நொறுங்கிய ஹெட்லைட்டோடு, ஒதுங்கி ஒதுங்கிப் போய், முதலில் ஆஸ்பத்திரியில் நிறுத்தினார். இருசம்மாளிடம், "உன்ன அடிச்சது என் காரும்மா, நேத்து சொல்ல வாய் வரல" என்றார். அவள் அவரையே வெறித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டதற்கெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் பதில் சொன்னார். வண்டி என்னுது. ஓட்டுனது அறிவழகன். ரைட்டர் எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல் சத்யப்பிரியாவைக் கேட்டார்.

"நீங்கதான் கூட இருந்ததா? அறிவழகன் உங்களுக்கு என்ன ஆவணும்?"

"முந்தாநாள் வரைக்கும் என் வூட்டுக்காரருங்க."