போல்ட்டைப் போடு

ஒரு சாண் நீளம்கூட இராது. வளைந்த கைப்பிடியின் முனையில் கோலிக்குண்டு போல ஒரு குமிழ். திருவொற்றியூரில் எங்கள் தொழிற்சாலை வாசலில் காவல் நின்ற ராயபுரத்துக்காரரை எல்லோரும் ஹவில்தார் நைனா என்போம். தினமும் காலையில் தன் துப்பாக்கியிலிருந்து அந்த போல்ட்டை உருவி, எண்ணெய்த் துணியால் துடைத்து, வெயிலில் காட்டிப் பார்ப்பார். குண்டை உள்ளே தள்ளி அடைப்பதும், சுட்டபின் வெற்றுத் தோட்டாவை வெளியே துப்புவதும் அதுதான். அது இல்லையென்றால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்.

'த்ரீ நாட் த்ரீ' என்று அதற்குப் பெயர். முந்நூற்று மூன்று குண்டு போடலாம் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். மூன்று பேருக்கு விளக்கம் வேறு கொடுத்திருந்தேன். "பத்துதான்டா போடலாம், பேமானி! முந்நூத்தி மூணுங்கறது குழாய் வாயோட அளவு" என்று நைனா சிரித்தார். முதல் உலகப் போரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இதன் போல்ட்டை இழுத்துத் தள்ளிய வேகத்தில், ஜெர்மன்காரர்கள் இயந்திரத் துப்பாக்கி என்று மிரண்டார்களாம். நைனா இதைப் பர்மாவில் சுமந்தவர். சீனப் போரிலும் நம் பிள்ளைகள் மலைமேல் இதைத்தான் ஏந்தி நின்றார்கள். அதற்குப் பிறகு ராணுவம் புது ரகத்துக்கு மாறியது. இவை காவல் நிலையங்களுக்கும் வாசல்களுக்கும் இறங்கி வந்தன. நைனாவும் அப்படி இறங்கி வந்தவர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. இயந்திரத்தில் கை நசுங்கிய ஒருவரை வேலையை விட்டு நீக்கியதால், நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டோம். முன் வரிசையில் நான். வீரத்தால் அல்ல, பின்னால் இடமில்லை. தொண்டை கோஷம் போட்டது. கண் ஓட வழி தேடியது.

நைனா அப்போதுதான் போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். புது மேனேஜர் உள்ளிருந்து ஓடி வந்தார்.

"என்னய்யா பாத்துட்டு இருக்கே? போல்ட்டைப் போடு! மூணு எண்ணுறதுக்குள்ள இவனுங்க எழுந்திருக்கலேன்னா..." கை எங்கள் பக்கம் நீண்டது.

நைனா விறைப்பாக நின்றார். துப்பாக்கியின் போல்ட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நிதானமாக நடந்து போய், பெரிய இரும்புக் கம்பிக் கதவைச் சாத்தி, அதன் போல்ட்டை 'டக்'கென்று இழுத்துப் போட்டார். சல்யூட் அடித்தார்.

"போட்டாச்சு சார்."

"துப்பாக்கியில போடச் சொன்னேன்யா!"

"துப்பாக்கின்னு நீங்க சொல்லலியே சார்."

கம்பிகளுக்கு வெளியே சிரிப்பு வெடித்தது. அதன்பின் மேனேஜரால் மூன்றுவரை எண்ண முடியவில்லை.

விசாரணை வைத்தார்கள். நைனாவின் வேலை அந்தரத்தில் தொங்கியது. காதால் கேட்ட சாட்சி என்று என்னை அழைத்து, "போல்ட் என்றால் துப்பாக்கியுடையதுதான் என்று உனக்குப் புரியவில்லையா?" என்றார்கள்.

"எங்க வூட்ல போல்ட்டு கதவுலதான் சார் கீது" என்றேன். என் ஆயுளில் ஓட வழி தேடாமல் நான் பேசிய ஒரே வாக்கியம்.

வேலை தப்பியது. துப்பாக்கியைப் பிடுங்கி, கையில் தடி கொடுத்து, லாரி எடைமேடைக்கு அனுப்பினார்கள். "தடிக்கு போல்ட்டே இல்லடா, ஒரு பேஜாரு வுட்டுச்சு" என்றார் நைனா.

"நெஜமாவே புரியலியா நைனா?"

"போடா! பர்மாவுல எதிர்ல இருந்தவன் சுட்டான், நானும் சுட்டேன். நீ சும்மா குந்திகினு கீறே. உன்ன இன்னாத்துக்குச் சுடணும்?"

இப்போது காவல்துறையில் அந்தத் துப்பாக்கிகளுக்கு மாலை போட்டு ஓய்வு கொடுக்கிறார்கள். எந்தப் போரில் எவ்வளவு தூரம் சுட்டது என்று பத்திரிகைகளில் பெருமையாக எழுதுகிறார்கள். எழுதட்டும். திருவொற்றியூரில் ஒரு காலை அது சுடவில்லை என்பதை நான் எழுதுகிறேன். சுட்டிருந்தால், முன் வரிசை ஆசாமி இதை எழுதியிருக்க மாட்டான். படித்து அலுத்தவர்கள் ஹவில்தார் நைனாவைத் திட்டிக்கொள்ளலாம்.