வீரரா, மாவீரரா என்று கேட்டார்கள்

ஹவில்தார் ஞானசேகரன் போன செவ்வாய்க்கிழமை காலை செகந்திராபாத் திருமுல்கேரியில் தம் வீட்டிலேயே இறந்துபோனார். வயது அறுபத்தாறு. மூன்று மாதமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. எதிர்பார்த்ததுதான்.

செய்தி வந்தபோது நான் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனி ஸ்டோரில் நான் விற்ற ரப்பர் கம்பூட்ஸை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் வெங்கட்ராமன் சார் கூப்பிட்டார்.

"மனோகர், நம்ம ஹவில்தார் போயிட்டார்ப்பா. ஃபிளெக்ஸ் அடிக்கறவன் லைன்ல காத்துண்டிருக்கான். வீரர்னு போடலாமா, மாவீரர்னு போடலாமா?"

"நக்கோ சார், ரெண்டும் வேணாம். பேரை மட்டும் போடுங்க."

"என்னப்பா நீ? இருபத்துநாலு வருஷம் மிலிட்டரியில இருந்த மனுஷன்!"

"அதையே போடுங்க சார். மிலிட்டரியில இருபத்துநாலு வருஷம். சமையல்காரர்."

"செத்த வீட்ல விளையாடாதே" என்று வைத்துவிட்டார்.

நான் திருமுல்கேரி போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் மாவீரர் ஞானசேகரன் தொங்கிக்கொண்டிருந்தார். மார்பில் ஐந்து பதக்கம். அந்தப் படத்தை ஆள் வைத்து எடுத்தவன் நான்தான். தம் சாவில் வீரன் என்று எழுத வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதும் என்னிடம்தான். சங்க மலரில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் படிப்பீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் பத்தாவதோடு நின்று, ஸ்கூட்டரில் கையுறை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் கேட் கேட்டாக விற்றவன். கையுறை வாங்கிய கம்பெனிகள் காவலுக்கு ஆள் கேட்டன. ஆள் கொடுக்க ஆரம்பித்தேன். செக்யூரிட்டி ஏஜென்சியில் எல்லோரும் விற்பது ஒரே சரக்கு. என் சரக்கு உசத்தி என்று காட்ட ஒரு பட்டாளத்துக்காரர் தேவைப்பட்டார். ஹவில்தார் பக்கத்துத் தெருவில் இருந்தார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் சூப்பர்வைசராக வந்து சேர்ந்தார்.

வந்த மாதமே அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து பதக்கங்களை எடுத்து மாட்டச் சொல்லிப் படம் எடுத்து, "ஐந்து வீரப் பதக்கங்கள் பெற்ற போர்வீரர் தலைமையில்" என்று நோட்டீஸ் அடித்தேன். பதக்கம் என்றால் சண்டை, ஐந்து பதக்கம் என்றால் ஐந்து சண்டை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். குடியாத்தம் பக்கத்துப் பேச்சு அவருக்குக் கடைசிவரை மாறவில்லை.

"இன்னா சேட்டு இது?"

சேட்டு என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கிண்டலுக்குத்தான்.

"ஏன் அண்ணே, படம் நல்லாத்தானே இருக்கு?"

"படம் நல்லாதான் கீது. இது ஒம்பது வருசம் ஒழுங்கா இருந்ததுக்கு. இது இருவது வருசம் ஒழுங்கா இருந்ததுக்கு. இது சுதந்தரத்துக்கு அம்பது வருசம் ஆச்சின்னு எல்லாருக்கும் குடுத்தது. இது பனிமலையில ரெண்டு குளிருக்கு இருந்ததுக்கு. இந்த கடைசி கீதே, இது சண்ட நடந்த வருசம் சர்வீஸ்ல இருந்ததுக்கு. அப்ப நான் இங்க செகந்திராபாத்ல உருளக்கெயங்கு உரிச்சிகினு இருந்தன்."

நான் சிரித்துவிட்டேன். "யாருண்ணே இதெல்லாம் கேக்கப் போறாங்க?"

"அதான் சேட்டு, யாரும் கேக்கமாட்டான்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

நோட்டீஸை நான் மாற்றவில்லை. இரண்டாயிரம் அடித்தாகிவிட்டது. அதை வைத்து மூன்று கம்பெனி பிடித்தேன்.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். கல்யாணத்தன்று மைத்துனர் பத்துப் பேர் நடுவில், "மாப்ள, எத்தினி பேர சுட்டீங்க?" என்று கேட்டாராம். இவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தாராம். ஊரே அதற்கு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. அவர் மனைவி சரோஜா அக்காவும் அந்தக் கணக்கோடுதான் குடித்தனத்துக்கு வந்தார்.

"அன்னிக்கி ஒண்ணுமில்ல, சோறுதான் ஆக்கறன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சிரிச்சிட்டன். மாட்டிகினன்."

ஏழு வருஷத்துக்கு முந்தைய சங்கதி உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தது தப்பு.

ஜீடிமெட்லாவில் நாங்கள் காவல் பார்த்த ஒரு மருந்து யூனிட். மதியச் சாப்பாட்டு நேரம். ரசாயனத் தொட்டியைக் கழுவ இறங்கிய ஆள் உள்ளேயே மயங்கி விழுந்தார். நான் பில் கொடுக்கப் போயிருந்தவன், கூட்டத்தில் நின்றேன். காற்றுச் சிலிண்டர் வைத்த மாஸ்க் அந்த யூனிட்டில் ஒன்று இருந்தது. நான் விற்றதுதான். ஸ்டோர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியோடு ஸ்டோர்க்காரர் சாப்பிடப் போயிருந்தார். மேனேஜர் கேட்டிலிருந்து ஹவில்தாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "மிலிட்டரி சார், நீங்க இருக்கும்போது என்ன கவலை? இறங்குங்க" என்று இந்தியில் சொன்னார். நாற்பது பேர் விலகி வழிவிட்டார்கள். எல்லோருடைய கண்ணும் அவர் சட்டையில் பதக்கங்களின் பட்டை நாடா மேல் இருந்தது. அதைத் தினமும் குத்திக்கொண்டு வரச் சொன்னவன் நான்.

அவர் தொட்டி வாய் வரைக்கும் போனார். நின்றார். இறங்கவில்லை.

அவரைத் தள்ளிக்கொண்டு யாதகிரி என்ற கான்ட்ராக்ட் ஃபிட்டர் முன்னால் வந்தார். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார். ஹவில்தார் அவர் தோளைப் பிடித்து, "நில்லு" என்று சொல்லி இடுப்பிலும் அக்குளிலும் கயிறு கட்டினார். அது ஒன்றுதான் அவர் செய்தது. யாதகிரி இறங்கி, விழுந்தவரை இன்னொரு கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். அனுப்பிய கையோடு தானும் சாய்ந்தார். ஹவில்தாரும் நாங்களும் சேர்ந்து இழுத்தோம். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அடுத்த வாரம் அதே யூனிட்டில் ஹவில்தாருக்குச் சால்வை போட்டார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் தொட்டிக்குள் இறங்கியதற்காக யாதகிரியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தது. ஹவில்தார் மைக்கைப் பிடித்து, "உள்ள போனது நான் இல்ல, யாதகிரி. எனக்கு பயமா இருந்துச்சி" என்று தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். கைதட்டல் நிற்கவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி, "அடக்கத்தைப் பார்த்தீர்களா, சோல்ஜர் என்றால் இதுதான்" என்றார். சொல்லச் சொல்ல அவர் இன்னும் பெரிய வீரராகிக்கொண்டே போனார். மைக்கை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் இருந்து பார்ப்பவரைப் போல இருந்தது.

அன்றைக்கே மேனேஜரிடம் நடந்ததை எழுதிக் கொடுக்கிறேன் என்று கிளம்பினார். நான்தான் தடுத்தேன். எழுதினால் சீட்டு இல்லாமல் தொட்டி கழுவிய விஷயம் வெளியே வரும், கேஸ் ஆகும், என் கான்ட்ராக்ட் போகும். "அண்ணே, நாப்பது வாட்ச்மேனோட சோறு இது" என்றேன். பொய்யில்லை. அந்த நாற்பதோடு என் சோறும் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. சமையல்காரரிடம் சோற்றைச் சொல்லி நிறுத்தியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அதே கேட்டில் நின்றார். வருகிறவர்களுக்கு எல்லாம் அவரைக் கை காட்டினார்கள். சால்வை போட்ட படத்தைப் பெரிதாக்கி என் அலுவலகத்தில் மாட்டினேன். சுதந்திர தினத்துக்கு நீங்கள் கொடியேற்றக் கூப்பிட்டீர்கள். வந்தார். மாதம் ஒரு ஞாயிறு ஷாபூர்நகருக்குப் போய், அங்கே ஒரு வெல்டிங் கடையில் நாள் கூலிக்கு இருந்த யாதகிரியோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவார். "அவன் திட்டமாட்டன்றான் சேட்டு. திட்டினா தேவல" என்பார்.

பட்டாளத்தில் இருந்தாலே வீரர்தானே அண்ணே என்று ஒருமுறை நானும் கேட்டேன்.

"பட்டாளத்துல நெஜமா வீரன பாத்துகிறன். ரெண்டு பேரு. ரம்மு திருடி வித்தவனையும் பாத்துகிறன். பொண்டாட்டிக்கு லெட்டர் போடறன்னு அழுதவன், தூங்கறவன், எல்லாம் கீறான். நம்ம காலனி மாதிரிதான். எல்லாருக்கும் ஒரே துணி தெச்சி குடுத்துட்டான், அவ்ளோதான்."

"அப்ப நீங்க?"

"நான் இருந்த எடத்துல ஒருத்தனும் காலையில சுடுதண்ணி இல்லாம போனதில்ல. பனிமலையில, மைனஸ்ல கூட. அத கேளு, மார தட்டிகினு சொல்றன். அத யாரு கேக்கறான்?"

கடைசியாகப் போன மாதம் பார்த்தேன். கட்டிலில் இருந்தார். கால் வீங்கியிருந்தது. சரோஜா அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம்.

"சேட்டு, நீ வியாபாரி. உங்கிட்ட சத்தியம் கேட்டா பிரயோசனம் இல்ல. பேரம் பேசலாமா?"

"பேசுங்க."

"மூணு ஐட்டம். செத்தா வீரன்னு எழுதக் கூடாது. உன் ஆபீஸ் போட்டோவ எறக்கணும். என் எடத்த யாதகிரிக்கு குடுக்கணும்."

"பதிலுக்கு என்ன தர்றீங்க அண்ணே?" என்றேன். அவரைச் சிரிக்க வைக்கத்தான்.

"அட்வான்ஸ் வாங்கிட்ட சேட்டு. ஏழு வருசம் வாய மூடிகினு இருந்தனே."

சரி என்றேன்.

முதல் ஐட்டத்தில் தோற்றேன். செவ்வாய்க்கிழமை கயிறு அறுக்கிற கட்டர் என் பையில் இருந்தது. ஃபிளெக்ஸுக்குக் கீழே போய் நின்றும்விட்டேன். சரோஜா அக்கா வாசலுக்கு வந்தார்.

"தம்பி, அவரு உங்கிட்ட இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியும். எங்கிட்டயும் சொன்னாரு. அவரு சோறுதான் ஆக்கினாருன்னு கண்ணாலம் ஆன ரெண்டாவது வருசமே எனக்குத் தெரியும். கண்ணாலத்துல எத்தினி பேர சுட்டீங்கன்னு கேட்டாரே, அந்த எங்க அண்ணன் ஊர்லருந்து பஸ் ஏறிட்டாரு. நாப்பது வருசமா ஊர்ல நான் சொல்லிகினு வந்தது, இன்னிக்கி ஒரு நாள் நிக்கட்டும். அப்புறம் நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

கட்டரை வெளியே எடுக்கவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கா, அந்த அம்மாளின் ஒரு நாளா என்று நான் இன்றுவரை முடிவுக்கு வரவில்லை. அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றார் அல்லவா, அதனால் இதை எழுதுகிறேன். அக்காவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். "மைனஸ்ல சுடுதண்ணி" என்ற இடத்தில் மறுபடி படி என்றார்.

ஹவில்தார் ஞானசேகரன் போர்வீரர் இல்லை. கோழையும் இல்லை. இருபத்துநான்கு வருஷம் பிறருக்கு நேரத்துக்குச் சோறு போட்ட, ஒருநாள் பயந்துபோன, பயந்தேன் என்று மைக்கில் சொன்ன மனிதர். அப்படிச் சொன்னவரை நான் வேறு பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை. அலுவலகத்தில் அவர் படத்தை இறக்கிவிட்டேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. அதை நான் பிடுங்கப்போவதில்லை. எதைச் சொல்லி விற்கிறோம் என்று கேட்க அந்த ஆணி போதும்.

மூன்றாவது ஐட்டத்துக்காக வெள்ளிக்கிழமை ஷாபூர்நகர் போனேன். ஹவில்தார் இடத்துக்கு வருகிறாயா என்று யாதகிரியைக் கேட்டேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நாக்கு மெடல் லேது கதா அன்னா!" என்று சிரித்தார். எனக்கு மெடல் இல்லையே என்று அர்த்தம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேரம் பேசினார். கெட்டியாகவே பேசினார்.

முடிந்தது இப்படி: சம்பளம் மாதம் இருபத்தாறாயிரம். பகல் ஷிப்ட், ஞாயிறு விடுமுறை. யூனிஃபார்ம் கிடையாது, தம் சொந்தச் சட்டையில்தான் வருவார். எந்தச் சுவரிலும் அவர் படம் கிடையாது. நாங்கள் காவல் பார்க்கும் ஒவ்வொரு கேட்டிலும் காற்றுச் சிலிண்டர் மாஸ்க் இரண்டு, என் செலவில், பூட்டுப் போடாமல்.