ஸ்பீக்கர் காந்தம்

படப்பை சாலை மரவாடியில் இழைப்பு மெஷின் ஓட்டுபவர் அவர். புருவமெல்லாம் மரத்தூள். எந்தப் பலகை வந்தாலும், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் விடுவார்.

நான் முதல்முறையாகக் கிடார் செய்யக் கிளம்பியிருந்தேன். முதுகுப் பலகைக்கென்று முடிச்சூர் வீட்டுப் பழைய தேக்குக் கதவை அறுத்துக் கொண்டுபோய், மூன்று மில்லிமீட்டருக்கு இழைத்துத் தரச் சொன்னேன்.

“இன்னா சார், அப்பளமா? ஆணி எதுனா கீதா?”

“இல்லண்ணா, எல்லாம் புடுங்கிட்டேன்.”

நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. காந்தம் பலகையின் நடுவில் டக்கென்று ஒட்டியது. மெஷினை நிறுத்தினார். பிளேடில் பட்டிருந்தால் அந்த ஆணி அவர் முகத்துக்குத்தான் தெறித்திருக்கும்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் ஆணியை நோண்டியெடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இப்ப சொல்லு சார். ஆணி கீதா?”

“தெரியலண்ணா.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்று மறுபடி காந்தத்தை எடுத்தார்.

கிடார் முடிந்து மாதங்களாகின்றன. முதுகில் மிளகளவு ஆணித் துளை இருக்கிறது. பட்டி வைத்து அடைக்கலாம் என்கிறார்கள். நான் அடைக்கவில்லை. வாசிக்க உட்கார்ந்தால் அது சரியாக என் வயிற்றில் வந்து பதிகிறது.