குள்ளன் தட்டிய கடைசிப் பந்து

எங்கள் ஊர் டாராபூலில் மொட்டைத் தலையனுக்குச் சுருட்டை என்று பெயர் வைப்பார்கள். வாயே திறக்காதவனை ரேடியோ என்பார்கள். ஆகவே பதினாறு வயதில் ஆறடி ஆறங்குலம் வளர்ந்து நின்ற லைல் டிரேயருக்குக் குள்ளன் என்ற பெயர் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று பாதிரியார் அவனுடைய சொந்தப் பெயரைச் சொன்னபோது, மாப்பிள்ளை மாறிவிட்டானோ என்று பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம்.

உயரமாக இருப்பவன் ரக்மேன். கையும் காலும் சேர்த்து ஆடும் எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் அதுதான் வழக்கம். உனக்கு இஷ்டமா என்று யாரும் கேட்பதில்லை. நடுவர் பந்தை நடுவட்டத்தில் ஓங்கித் தரையில் அடிப்பார். அது நிமிர்ந்து எழும்பும். இரண்டு பக்கத்து ரக்மேன்களும் ஓடிவந்து மோதிக்கொண்டு துள்ளுவார்கள். யார் கை முந்துகிறதோ அவன் தன் பக்கத்து ரோவர் நிற்கும் இடம் பார்த்துத் தட்டிவிடுவான். ரோவர் பொடியனாக இருப்பான். பந்தைக் கவ்விக்கொண்டு ஓட்டமாய் ஓடிவிடுவான். கோலும் கைதட்டலும் அவனுக்கு. விலாவில் வாங்கிய முழங்கால் இடி மட்டும் ரக்மேனுக்கு.

லைலுக்கு வாய்த்த ரோவர் நெவ் கார்மடி, பேக்கரிக்காரர் மகன். லைலின் வலது தோளுக்குப் பின்னால், இரண்டு எட்டு தள்ளி நிற்பான். லைல் பார்க்காமலே தட்டுவான், நெவ் பார்க்காமலே வாங்குவான். இருபது வருஷம் இப்படியே போயிற்று. நெவ் வீட்டு அலமாரியில் சிறந்த ஆட்டக்காரன் கோப்பைகளை வைக்க இடம் கிடையாது. லைல் வீட்டு அலமாரியில் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதுவும் மாமனார் கொடுத்தது. இதைப்பற்றி லைலுக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. தட்டுவது தன் வேலை, ஓடுவது அவன் வேலை என்று இருந்தான்.

நடுவில் மெல்போர்னிலிருந்து ஒரு பெரிய கிளப் கூப்பிட்டது. இரண்டு குளிர்காலம் போய் இருந்தான். பெரும்பாலும் இரண்டாம் அணி. முதல் அணிக்கு நாலே ஆட்டம். நாலாவதில் மூக்கு உடைந்தது. அதோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"அங்க யாருக்குத் தட்டுறதுன்னே தெரியலப்பா."

ஊரில் பிளம்பர் வேலை. எங்கள் வீடுகளெல்லாம் குட்டைக் கட்டைகள் மேல் நிற்கும் மரவீடுகள். குழாய்கள் தரைக்கு அடியில் ஓடும். ஊரிலேயே நெட்டையான மனிதன் ஊரிலேயே குறுகலான சந்துகளில் வயிற்றால் ஊர்ந்து பிழைத்தான். சனிக்கிழமை மட்டும் நிமிர்ந்தான்.

நல்லவன்தான், வாய் மட்டும் அடங்காது. அதுவும் நடுவர்கள் விஷயத்தில். நடுவர் அடிக்கிற பந்து நேரே மேலே எழும்ப வேண்டும். கோணலாய்ப் போனால் ரக்மேன் துள்ளுவது வீண். லைலைக் கேட்டால், இந்தப் பிராந்தியத்தில் நேராக அடிக்கத் தெரிந்த நடுவர் ஒருவர்கூடப் பிறக்கவில்லை. "கோணல்! கோணல்!" என்று அவன் போடும் சத்தம் கோதுமைக் குதிர்வரை கேட்கும். நடுவர்கள் வெள்ளைச் சட்டை போடுவதால் அவர்களை வெள்ளைப் புழு என்று திட்டுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஆனால் லைல் திட்டினால் அதில் ஒரு மனமார்ந்த தன்மை இருக்கும்.

எண்பத்தேழாம் வருஷம் அது அவன் தலையிலேயே விடிந்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம். நடுவர் ஆலன் பாலன்டைன், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், சிரிக்கத் தெரியாத மனிதர். அவர் அடித்த பந்து சாய்ந்துவிட்டது. லைல் அவர் முகத்துக்கு நேரே குனிந்து நின்றான்.

"அது கோணல். ஒனக்குக் கண்ணு எங்கய்யா இருக்கு, வெள்ளப் புழு?"

பாலன்டைன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை விசாரணை. இரண்டு ஆட்டம் தடை. சனிக்கிழமை டாராபூல் கோப்பையை வென்றபோது, லைல் மேல்கோட்டு மாட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால், இறைச்சி வைத்துச் சுட்ட ஆறிப்போன மீட் பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நுணலும் தன் வாயால் கெடும். கிளப் சுவரில் தொங்கும் வெற்றிப் படத்தில் அவன் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் டாராபூல் கோப்பை ஜெயிக்கவில்லை. நாற்பது வயதுவரை ஆடி ஓய்ந்தபோது அவன் கழுத்தில் விழ ஒரு பதக்கம்கூட இல்லை.

பாலன்டைனோடு பேச்சு வார்த்தை நின்றுபோனது. ஒரு தடவை அவர் வீட்டுக் குளியலறைக் குழாய் வெடித்து, லைல்தான் தரைக்கடியில் ஊர்ந்து சரிசெய்தான். மேலே அவர் நடக்கிற காலடிச் சத்தம் கேட்டது. அவர் குனியவும் இல்லை, இவன் கூப்பிடவும் இல்லை.

லைலுக்கு ஐம்பத்தைந்து வயதானபோது ஊருக்கு ஒரு சங்கடம் வந்தது. விசில் ஊத ஆள் இல்லை. ஏச்சு கேட்டு அலுத்து, நடுவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்விட்டார்கள். ஒரு சனிக்கிழமை யெல்பா ஊரிலிருந்து வந்த சின்னப் பெண்கள் அணி, நடுவர் வராததால் கால்சட்டையில் மண்கூடப் படாமல் திரும்பிப் போனது. கூட்டம் போட்டுப் பேசினார்கள். எல்லோரும் பேசி முடித்ததும் லைலின் மனைவி மோரீன் அவன் விலாவில் முழங்கையால் ஒரு குத்து விட்டாள்.

"முப்பது வருஷமா எல்லாம் தெரிஞ்ச மாதிரி கத்துனியே. போய் ஊது."

"என் முட்டி தாங்காதுடி."

"வாய் தாங்குச்சுல்ல, முட்டியும் தாங்கும்."

கொல்லையில் பந்து அடித்துப் பழகினான். முதல் பந்து பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் போனது. இரண்டாவது, கொடியில் காய்ந்த போர்வையில். முட்டை வடிவப் பந்தை அதன் மூக்கு தரையில் படும்படி ஓங்கி அடித்து நேரே எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இங்கே ஆடத் தெரிந்தவனும் அதையே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். அன்று மாலை பாலன்டைன் வீட்டு வழியே போகும்போது வேனின் வேகத்தைக் குறைத்தான். பிறகு போய்விட்டான்.

ஆனால் நல்ல நடுவராக வந்தான். ரக்மேன்களின் களவாணித்தனம் எல்லாம் அவன் செய்து பார்த்ததுதானே. சின்னப் பிள்ளைகளுக்கு ஊதி, பெரியவர்களுக்கும் ஊத ஆரம்பித்தான். சொந்த ஊர் ஆட்டத்துக்கு மட்டும் அவனைப் போடமாட்டார்கள். அது எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் வருஷம் டாராபூல் இறுதி ஆட்டத்துக்கு வந்தது, எதிரணி யெல்பா. வெள்ளிக்கிழமை காலை மூன்று நடுவர்களில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. மிச்சம் இருந்த ஒரே ஆள் லைல். ஊர்க்காரன் ஊருக்குத்தான் ஊதுவான் என்று யெல்பா முணுமுணுத்தது. டாராபூலும் அதையேதான் சொன்னது, சந்தோஷமாக. கசாப்புக் கடைக்காரர் மோரீனிடம் கேட்காமலே இரண்டு கிலோ சாசேஜ் கட்டிக் கொடுத்தார்; அவள் அப்படியே திருப்பி வைத்துவிட்டு வந்தாள். நெவ் தன் பேக்கரி வாசலில் கை துடைத்துக்கொண்டே கண்ணடித்தான். அவன் மகன் ஜாரட்தான் இப்போது டாராபூலின் ரோவர்.

"குள்ளா, ஜெயிச்சா திங்கக்கிழம ஒனக்கு ஒரு வனிலா ஸ்லைஸ். பெருசா வெட்டி வெக்கிறேன்."

லைலுக்கு யெல்பாக்காரர்கள் பேசியதைவிட இதுதான் வலித்தது. தன்னை நேரானவன் என்று இரண்டு ஊரிலும் ஒருத்தனும் நினைக்கவில்லை.

"நான் வரலன்னு சொல்லிடவா?" என்றான் மனைவியிடம்.

"ஏன், நேரா ஊத வராதா ஒனக்கு?"

"வரும்."

"அப்ப போ. வராதுன்னா வீட்ல இரு, போர்வைய மடிச்சு வை."

போனான். வேலியோரம் சுற்றிலும் கார்கள் மைதானத்தைப் பார்த்து நின்றன; கோல் விழுந்தால் ஹாரன் அடிப்பதற்காக ஜனங்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பழைய வெள்ளை வண்டி ஒன்றில் பாலன்டைனும் மடியில் கம்பளியோடு இருந்தார். அவர் மட்டும் எந்தக் கோலுக்கும் ஹாரன் அடிப்பதில்லை.

நாலு கால்பகுதி ஆட்டத்தில் முதல் மூன்றிலும் லைல் நேராக ஊதினான். யெல்பாவின் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. கடைசிக் கால்பகுதியில் டாராபூல் நாலு புள்ளி பின்தங்கி இருந்தது. ஒரு கோல் விழுந்தால் ஆறு புள்ளி, குறி கொஞ்சம் தவறினால் ஒன்று. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடம். நடுவட்டத்தில் பந்தடிக்கும் முறை லைலுடையது.

ஓங்கி அடித்தான். பந்து கோணலாய்க் கிளம்பி, இரண்டு ரக்மேன்களையும் விட்டுவிட்டு அவன் தலைக்கு மேலேயே வந்தது. அந்த மாதிரி வந்தால் விசில் ஊதி நிறுத்தி, கையால் மேலே எறிந்து மறுபடி தொடங்க வேண்டும். லைலுக்கு அது தெரியும். ஆனால் அவன் கைக்குத் தெரியவில்லை. முட்டி மடங்கியது, உடம்பு துள்ளியது, வலது கை எழுந்து பந்தை வலது தோளுக்குப் பின்னால் இரண்டு எட்டு தள்ளித் தட்டிவிட்டது. அங்கே ஜாரட் நின்றான். கவ்விக்கொண்டு ஓடினான். விரலில் மாட்டியிருந்த விசில் எகிறிப் புல்லில் விழுந்தது. லைல் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருக்கையில் பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. ஊரிலுள்ள ஹாரன்கள் எல்லாம் ஒன்றாய் அலறின.

கோல் நடுவர் கொடியை எடுக்காமல் நின்றார். மைதான நடுவர் கை காட்டினால்தான் அவர் கொடி அசைக்கலாம். இன்னொரு நடுவரான கைலி, பள்ளிக்கூட டீச்சர், மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பந்து ஒங்க மேல பட்டுருச்சு, அவ்வளவுதான லைல்? மேல பட்டா ஆட்டம் தொடரலாம், கோல்தான். கையக் காட்டுங்க."

நிஜமாகவே அப்படித்தான் தெரிந்திருக்கும் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முப்பது வருஷத்துக்குப் பிறகு ஊருக்குக் கோப்பை. குற்றம் சொல்ல யாராலும் முடியாது. லைல் விசிலில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்தான்.

"படல கைலி. நான் தட்டினேன்."

"என்னது?"

"ஜாரட்டுக்கு இல்ல. அவங்கப்பனுக்குத் தட்டினேன். கை பழக்கம்."

கைலி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். லைல் விசிலை ஊதிக் கோல் இல்லை என்று கைகாட்டினான். ஹாரன்கள் ஒவ்வொன்றாய் நின்றன. அப்புறம் டாராபூல் பக்கம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது.

"வெள்ளப் புழு! கோணலாத்தான் போடத் தெரியுமா ஒனக்கு?"

கசாப்புக் கடைக்காரர் குரல் தனியாகக் கேட்டது. லைலுக்கு அழுகை வரும் போலிருந்தது, சிரிப்பும் வந்தது. பந்தை வாங்கிக் கையால் நேரே மேலே எறிந்தான். கடைசியில் யெல்பா குறி தவறி இன்னும் ஒரு புள்ளி எடுத்து, அஞ்சு புள்ளியில் ஜெயித்தது.

டாராபூல் பையன்கள் புல்லில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்க, பரிசளிப்பு தொடங்கியது. முதலில் நடுவர்களுக்குப் பதக்கம். இறுதி ஆட்டத்தில் ஊதியவர்களுக்கும் உண்டு என்பதையே லைல் மறந்திருந்தான். கொடுப்பதற்கு மூத்த நடுவர் என்று பாலன்டைனைக் கூப்பிட்டார்கள். தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். லைல் வெகுவாய்க் குனிய வேண்டியிருந்தது. கழுத்தில் நாடாவை மாட்டிவிட்டு அவர் அவன் காதோரம் சொன்னார்.

"அது கோணல்."

"ஆமாய்யா. கோணல்தான்."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, பாத்தியா?"

"தெரியுது. அன்னிக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. நான்தான் ஓவராப் பேசிட்டேன்."

பாலன்டைன் தடியை இடது கைக்கு மாற்றினார். தட்டின அந்த வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். வண்டிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்ததும், யாருக்கு என்று புரியாமல் ஊரே திரும்பிப் பார்க்க, ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை லைல் வீட்டு போன் அடிக்கவே இல்லை. மோரீன் பதக்கத்தைக் கடிகாரத்தில் தொங்கவிட்டாள். திங்கட்கிழமை ரொட்டி வாங்க வேண்டியிருந்தது. நான் போகிறேன் என்றாள். வேண்டாம், நானே போகிறேன் என்று லைல் கிளம்பினான்.

பேக்கரியில் நாலு பேர் நின்றார்கள். அவன் தலை குனிந்து உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. நெவ் மற்றவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்து அனுப்பினான். லைலின் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, செங்கல் கனத்துக்கு ஒரு வனிலா ஸ்லைஸை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஜெயிச்சாத்தானே சொன்ன?" என்றான் லைல்.

"அது அதுக்கு, இது வேற." நெவ் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டான். "நேத்து அந்த டீச்சர் வந்துச்சு. யாருக்குத் தட்டினேன்னு நீ சொன்னியாமே."

லைல் ரொட்டி சுற்றிய காகிதத்தின் ஓரத்தை மடித்துவிட்டான்.

"நான் அங்கதான்டா நின்னிருப்பேன்," என்றான் நெவ். "சரியா அதே எடத்துல."

லைல் காசை எடுத்தான். நெவ் ரொட்டிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவன் பக்கம் தள்ளினான்.