சுலோசனாவின் வலது கால்

சுலோசனா இந்த உலகத்துக்கு முதலில் காட்டியது முகத்தை அல்ல, வலது காலை. பெற்றவள் இரண்டு நாள் பட்ட பாட்டை யாரும் பேசவில்லை. காலால் பிறந்த பிள்ளை என்பதைத்தான் கரிக்கலாம்பாக்கம் முழுக்கப் பேசினார்கள். அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் கால் வைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆக, பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவளுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. மீசை வைத்த ஆம்பளைகள் வந்து குப்புறப் படுப்பார்கள். அவள் வாயில் மிட்டாயோடு மூன்று தரம் காலை வைத்துவிட்டு விளையாட ஓடிவிடுவாள். வைக்கும்போது கீழே பார்க்கக் கூடாது, வாசலைத்தான் பார்க்க வேண்டும். அது முறை.

திருக்கனூர் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் சேதுராமனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் அந்தக் கால் ஓயவில்லை. மாமியார் ஒரே வாரத்தில் ஊருக்குச் சொல்லிவிட்டார். பஸ் டிரைவர்கள் வந்தார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள், ஒரு தடவை கணக்கு வாத்தியாரே வந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. பின்கட்டில் படுக்கச் சொல்லி, வாசலைப் பார்த்தபடி வைப்பாள். மற்ற நேரமெல்லாம் கடையில் நிற்பாள். குனிந்து பருப்பு மூட்டையை இழுப்பாள், எண்ணெய் டின்னைத் தூக்குவாள். இருபத்தாறு வருஷம் இப்படி.

நாற்பத்தெட்டாவது வயதில் வலி வந்தது. இடுப்பில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, வலது கால் பெருவிரல் வரை சுண்டி இழுத்தது.

"வாயுவா இருக்கும்" என்றார் சேதுராமன்.

எங்கள் பக்கத்தில் கழுத்துக்குக் கீழே எது வலித்தாலும் வாயுதான். பூண்டைச் சுட்டுத் தின்றாள், தைலம் தேய்த்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைக்கு வந்த பெண்கள் கேலி செய்தார்கள். "ஊருக்கெல்லாம் கால் வெக்கிற, உனுக்கு நீயே வெச்சிக்க முடியலியேக்கா." அவளும் சிரித்தாள். சிரித்தால் இடுப்பில் பிடித்தது.

கடைசியில் நெட்டப்பாக்கத்தில் பாக்யராஜ் என்று ஒருவர், அவரும் காலால் பிறந்தவர், வேன் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனாள். அவருக்கு ஒரே கூச்சம்.

"நீங்களும் காலால பொறந்தவங்க. உங்க மேல நான் எப்படிக்கா கால வெக்கிறது?"

"வலி தாங்கலப்பா. வெய்யி."

வைத்தார். பத்து நாளில் வலி விட்டது. மொத்தமாக, துடைத்துவிட்ட மாதிரி. சுலோசனா அவருக்கு ஒரு கிலோ முந்திரிப்பருப்பு கொடுத்தனுப்பினாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் குணமாகிவிட்டது என்று சொன்னாள்.

பாதம் மட்டும் மரத்திருந்தது. பட்ட வலிக்கு அதெல்லாம் ஒரு விஷயமா? செருப்பு அடிக்கடி கழன்றது, வார் தளர்ந்துவிட்டது என்று வேறு வாங்கினாள். நிலைப்படியில் தடுக்கினாள், பார்த்து நடக்கத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சித்திரை மாதம் ஒரு மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவளை மகள் ஹேமலதா மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, ஒரு கால்லதான் செருப்பு கீது?"

குனிந்து பார்த்தாள். வலது உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். கொதிக்கிற தார் ரோட்டில் எவ்வளவு தூரம் அப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹேமலதா அன்றைக்கே புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் அவளைக் குதிகாலால் நடந்து காட்டச் சொன்னார். இடது கால் நடந்தது. வலது பாதம் தரையை விட்டு எழவே இல்லை.

"வலி எப்ப நின்னுச்சு?"

"மூணு மாசம் ஆச்சு டாக்டர். நல்லாயிடுச்சு."

ஸ்கேன் வந்ததும் டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை நசுக்கியிருக்கிறது. "வலி நல்லாகிப் போகலம்மா. வலிக்குதுன்னு சொல்ற நரம்பு செத்துக்கிட்டு வந்திருக்கு. மரத்துப்போன அன்னிக்கே வந்திருக்கணும்."

ஆபரேஷன் நடந்தது. ஒரு வருஷத்துக்குள் பாதம் தூக்கினால் தூக்கும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லி, பாதம் தொங்கிவிடாமல் இருக்கக் காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டி அனுப்பினார்கள். ஹேமலதா அழுதாள். சுலோசனா அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று உறவில் பேசிக்கொண்டார்கள். அழுத்தமெல்லாம் ஒன்றும் இல்லை. எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து பெருவிரலையே பார்ப்பாள். அசையாது. எழுந்து பட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவாள். கால் வைக்கச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். பதினோரு மாதம் போய்விட்டது.

அப்போதுதான் அரசு வந்தான். அவர்கள் கடைக்கு மூட்டை இறக்குகிறவன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதி வளைந்து நின்றான்.

"பிடிச்சிக்கிச்சிக்கா. இன்னிக்கி லாரி வேற வருது."

"கால்ல இழுக்குதா?"

"இல்லக்கா."

"பாதம் மரமரப்பா கீதா?"

"இல்லக்கா, இடுப்பு மட்டுந்தான்."

"மரத்துச்சின்னா நேரா ஆஸ்பத்திரிக்குப் போவணும். எங்கிட்ட வரக்கூடாது, தெரிஞ்சிதா?"

"சரிக்கா. நீ வெய்யிக்கா."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். அவன் அதற்குள் படுத்துவிட்டான். பட்டையைக் கழற்றினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, முறைப்படி வாசலைப் பார்த்தபடி, தொடையால் காலைத் தூக்கி இறக்கினாள். எங்கே இறங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்கவும் கூடாது.

"பட்டுச்சா?"

"இல்லக்கா. தரையிலதான் கீது."

தூக்கி, கொஞ்சம் நகர்த்தி இறக்கினாள். "இப்போ?"

"பட்டுச்சிக்கா."

இரண்டாம் தரமும் கேட்டாள். பட்டது என்றான். மூன்றாம் தரம் அவள் கேட்கும் முன்பே அவன் சொன்னான்.

"இன்னாக்கா, இவ்ளோ சூடா கீது உன் காலு?"

சுலோசனாவுக்கு அப்போது அழுகை வந்தது. காலை எடுக்காமல், கீழே குனியாமல், வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.