மகனின் நாலாவது நம்பர்

போன அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனேன். கடலில் முங்கி எழுந்து கரையைப் பார்த்தால் – பையைக் காணோம். போன், பஸ் காசு, மாற்றுச் சேலை எல்லாம் அதற்குள்.

பயமா? எனக்கா? நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். போனில் பேர் தேடுவதற்குள் விடிந்துவிடும். அதனால் நம்பர் அத்தனையும் மனப்பாடம். சங்கு விற்கிற பெண்ணிடம் போனை வாங்கி மகனுக்கு அடித்தேன்.

யாரோ டயர் கடைக்காரர் எடுத்து, பஞ்சரா என்று கேட்டார்.

மறுபடி அடித்தேன். அப்படியொரு நம்பரே இல்லையாம். சங்குக்காரி பார்த்த பார்வை இருக்கிறதே...

என் மகன் சட்டை மாற்றுகிற மாதிரி நம்பர் மாற்றுகிறவன். நெட் சும்மா கிடைக்கிறதென்று ஒன்று, சிக்னல் இல்லையென்று இன்னொன்று. மூன்று வருஷத்தில் நாலு! ஒவ்வொன்றையும் மெனக்கெட்டு மனதில் ஏற்றினேன். விளைவு? தலை பழைய நம்பர், வால் புது நம்பர். குண்டு மிளகாயையும் சம்பா மிளகாயையும் சேர்த்துப் பொடியாக்கிவிட்டு, பிரித்துக் கொடு என்றால் யாரால் முடியும்? மறதி என்றால் தலை காலி என்று நினைக்கிறார்கள். இல்லை... ஒரே மாதிரிச் சரக்கு கூடிப்போனது.

கலப்படமில்லாமல் ஒரே ஒரு நம்பர்தான் விரலுக்கு வந்தது. உச்சிப்புளிச் சம்பந்தி. என் மகளும் அவர் மகனும் துபாயில் சந்தோஷமாக இருக்க, நாங்கள் இங்கே நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த அம்மா நம்பரையும் மாற்றவில்லை, வீம்பையும் மாற்றவில்லை. வேறு வழி?

"சம்பந்தியம்மா... குரலு தெரியுதா?"

"மறக்கிற குரலா அது? அங்கனயே நில்லுங்க, வாரேன்."

மாற்றுச் சேலையோடு காரில் வந்து இறங்கினார். பழைய சண்டைப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

வீடு வந்து நடந்ததைச் சொன்னதுமே மகன் தீர்ப்பு சொல்லிவிட்டான். ஆத்தாவுக்கு மறதி வந்துவிட்டதாம். டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். இனிமேல் தனியாகப் பஸ் ஏறக் கூடாதாம் – முதுகுளத்தூர் சந்தைக்குக்கூட! நாற்பது வருஷமாக மிளகாய் மூட்டையோடு தனியாகப் போய் வருகிறவளுக்கு இந்தச் சட்டம்.

நான் குரலை உயர்த்தவில்லை.

"ஏலே, ஒம் பொண்டாட்டி நம்பரு சொல்லு."

அவன் கை சட்டைப் பைக்குப் போனது.

"போனைத் தொடாமச் சொல்லு."

ஆறு எண் சொன்னான். அதில் இரண்டு அவனுடைய பழைய நம்பரில் இருப்பது. அப்புறம் கூரை மோட்டைப் பார்த்தான். அடுப்படியிலிருந்து மருமகள் கரண்டியோடு வந்து நின்றாள்.

டாக்டரிடம் யாரைக் கூட்டிப் போவதென்று அவர்களே பேசி முடிக்கட்டும். நான் சந்தைக்குக் கிளம்புகிறேன்... முதல் பஸ்ஸை விட்டால் உட்கார இடம் கிடைக்காது.